கிண்ணம் போய்ச் சேர ஒன்பது நாள்

இது நடந்த தெரு இன்னும் இருக்கிறது. நேரமும் நல்ல சப்பாத்தும் உள்ளவர்கள் போய்ப் பார்க்கலாம். இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலைகளை மூடிவிட்டு இனி என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிற ஊர்களில் ஒன்றில், பெரிய றோட்டிலிருந்து பிரிந்து ரயில் பாதை மதிலில் போய் முட்டி நின்றுவிடுகிற தெரு அது. ஒற்றை இலக்க வீடுகள் ஒரு பக்கம், இரட்டை இலக்க வீடுகள் மறுபக்கம், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் வீடுகள், முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் கடைசி வீட்டில் இருமுகிற அளவுக்குச் சின்னத் தெரு. நகரசபைக் கடதாசியில் அதன் நீளம் இருநூற்றுப் பன்னிரண்டு மீற்றர். கடதாசியில் இன்றைக்கும் அவ்வளவுதான்.

அந்தத் தெருவில் பாதி வீடுகள் எங்களுடையவை, யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்த சனம், மிச்சப் பாதியில் பாகிஸ்தான்காரர், போலந்துக்காரர், அங்கேயே பிறந்து அங்கேயே வயது போன வெள்ளைக்காரர். யார் வீட்டில் கறி கூடிப்போனாலும் கிண்ணம் தெருவில் இறங்கும். எந்தக் கிண்ணம் யாருடையதென்று தெரிவதற்காக அடியில் நகப்பூச்சால் ஒரு எழுத்துப் போட்டிருக்கும். போன கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை, ஒரு பிடி பருப்பாவது, இரண்டு தேசிக்காயாவது போட்டுத்தான் கொடுப்போம், அந்தத் தேசிக்காய்க்குப் பதிலாக அங்கிருந்து இன்னொரு கறி வரும், இப்படியே ஒரு கிண்ணம் மாசக்கணக்கில் தன் வீட்டுக்குத் திரும்பாமல் சுற்றிக்கொண்டிருக்கும். எழுபத்திரண்டாம் இலக்கம் வரைக்கும் போய்ச் சுற்றும். எழுபத்து நாலுக்கு மட்டும் போனதில்லை. ஏன் போகவில்லையென்று ஒருவரும் யோசித்ததும் இல்லை.

எழுபத்து நாலுதான் கடைசி வீடு. அங்கே படுக்கையில் கிடந்த ஒரு கிழவரும், அவரைப் பார்க்கவென்று இலங்கையிலிருந்து கூட்டிவந்த ஒரு பெண்ணும் இருந்தார்கள். "மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையாம், அட்டன் பக்கமாம்" என்று யாரோ சொன்னார்கள், சொன்ன மாதிரியிலேயே அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தேவையில்லை என்று இருந்தது, நாங்களும் கேட்கவில்லை. பிறகு கிழவர் செத்துப்போனார். அவரோடு சேர்த்து எழுதப்பட்டிருந்த அவளுடைய விசாவும் அன்றைக்கே செத்துப்போனது. வீடு விற்கும்வரை பார்த்துக்கொள் என்று கிழவரின் பிள்ளைகள் வேறு நாட்டிலிருந்து சொன்னார்கள். வீடு விற்கவில்லை. அவள் பின்பக்கத்து ஒழுங்கையால் வேலைக்குப் போய் பின்பக்கத்து ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தாள். பதினொரு வருசம்.

அடுத்த தெருவில், பிள்ளையின் பள்ளிக்கூடப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு தகப்பனைக் குடிவரவுக்காரர் தங்கள் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன கிழமை, பத்தாம் இலக்கத்து மொறீன் எங்களையெல்லாம் தன் குசினிக்குக் கூப்பிட்டாள். மொறீன் முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டவள், ஆகையால் எழுபது பேரை வரிசையில் நிறுத்த அவளுக்குத் தெரியும். ஆளுக்கொரு விசிலும் ஒரு கொப்பியும் தந்தாள்.

"ஒரு நீட்டு விசில், வான் தெருவுக்குள்ள வந்திட்டுது. மூண்டு குட்டை விசில், வாசல்ல நிக்குது. உடன எல்லாரும் வெளியில வரவேணும்," என்று அவள் சொன்னதைப் பரிமளக்கா தமிழில் சொன்னா. "நாங்கள் பாக்கிறது, எழுதுறது, படம் எடுக்கிறது. தொடுறதில்லை. மறிக்கிறதில்லை. பொய் சொல்லுறதில்லை. பொய் சொன்னா அதையே பிடிச்சுக்கொள்ளுவினமாம்."

டாக்சி ஓடுகிற குணம் அண்ணை விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொறீன், நான் ஊரில விசில் சத்தம் கேட்டா ஓடி ஒளிச்சவன். இப்ப என்னையே ஊதச் சொல்லுறியள்."

"இப்ப உங்கட முறை, செல்லம்," என்றாள் மொறீன். அவளுக்கு எல்லாரும் செல்லம்தான்.

வெள்ளை வான் என்றால் என்னவென்று, ஊரில் அது ஏற்றிப்போனவர்கள் திரும்பி வராததைக் கண்ட எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. அது மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியத் தெருவுக்குள் திரும்பியது. மூலையில் நின்ற குணம் அண்ணையிடம் ஒரு கடதாசியை நீட்டி, இந்தப் பெண் இருக்கிற எழுபத்து நாலாம் இலக்கம் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். கடதாசியில் பதினொரு வருசத்துக்கு முந்திய ஒரு படமும், தெய்வானை என்ற பெயரும் இருந்தன. அவளுடைய பெயர் எங்களுக்குத் தெரிய வந்தது அப்படித்தான்.

குணம் அண்ணை பதில் சொல்லாமல் நீட்டி ஊதினார். வான் போனது. இரண்டைத் தாண்டி, பத்தைத் தாண்டி, இருபதைத் தாண்டிப் போனது, போய்க்கொண்டே இருந்தது, சின்னதாகிச் சின்னதாகி ஒரு தீப்பெட்டி அளவுக்கு வந்தும் போய்க்கொண்டே இருந்தது, ஆனால் எழுபத்து நாலுக்குப் போய்ச் சேரவில்லை. நாற்பது நிமிசம் கழித்துத் திரும்பியது. திரும்பி வர அதற்கு இரண்டு நிமிசம்தான் எடுத்தது. ஓட்டியவரின் முகம் தவறான வீட்டுச் செத்தவீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தவரின் முகம் மாதிரி இருந்தது.

குணம் அண்ணை தன் டாக்சியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"றோட்டு நீண்டிருக்கு," என்றார்.

"எவ்வளவு?" என்று கேட்டா பரிமளக்கா.

"ஒண்டரை மைல்."

"சரி, தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ."

ஏன் நீண்டதென்று ஒருவரும் தேடவில்லை. நீண்ட தெருவில் எப்படி இருப்பதென்றுதான் தேடினோம். புதிதாக வீடு ஒன்றும் முளைக்கவில்லை, ஒட்டியிருந்த வீடுகள் விலகி நடுவில் நடைபாதையும் வேலிச் செடியும் மதிலும் மட்டும் வந்தன, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே முதலில் ஒரு கூப்பிடு தூரம். வான் ஏப்ரலில் திரும்ப வந்தது, தெரு பதினொரு மைல் ஆனது. மே மாதம் இரண்டு தரம் வந்தது, அதற்குப் பிறகு குணம் அண்ணையின் மீற்றர் எண்ணுவதை நிறுத்திக்கொண்டது. வான் திரும்பிப் போனபிறகும் தெரு சுருங்கவில்லை. வந்தவர்களுக்குத் திரும்பிப் போகிற வழி மட்டும் எப்போதும் இரண்டு நிமிசம், எங்களுக்கோ போகவும் நீளம், வரவும் நீளம்.

குப்பை லொறி இருபதாம் இலக்கத்தோடு திரும்பியது. தபால்காரர் திங்கட்கிழமை பையோடு போனால் அடுத்த வெள்ளிக்கிழமை தாடியோடு வந்தார். ஐம்பதாம் இலக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இருக்கிற மாமி வீடுகளுக்கு மாறினார்கள். நகரசபையிலிருந்து இரண்டு பேர் வந்து நாடா பிடித்து அளந்து, ஒருவரை ஒருவர் பார்த்து, இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டு போனார்கள். தெருவின் அந்தத் தலையில் சூரியன் எங்களை விடப் பிந்தி மறைந்தது. போன் வேலை செய்தது, ஆனால் நடுத்தெருவுக்கு எடுத்தால் குரல் அந்தக் காலத்து வெளிநாட்டுக் கோல் மாதிரி ஒரு மூச்சுப் பிந்தி வந்தது, இருவரும் ஒன்றாய்த் தொடங்கி இருவரும் ஒன்றாய் நிறுத்தி, "நீங்கள் சொல்லுங்கோ", "இல்லை நீங்கள் சொல்லுங்கோ" என்பதிலேயே பாதி நேரம் போனது.

முன்பு ஒரு விசில் தெரு முழுக்கக் கேட்கும். இப்போது ஒருவர் ஊதியதைக் கேட்டு அடுத்தவர் ஊத வேண்டியிருந்தது, அதனால் வீடுகளுக்கு நடுவே ஒருவருமில்லாத இடங்களில் ஆட்கள் மடக்குக் கதிரையும் குடையும் கொப்பியுமாக முறைவைத்து இருந்தார்கள். அந்த முறைகளை மறக்க ஏலாது. இந்தப் பக்கம் பார்த்தால் நடைபாதை, அந்தப் பக்கம் பார்த்தால் நடைபாதை, எதிரே செங்கல் மதில், மதிலில் ஒரு நத்தை. அது காலையில் ஒரு கல்லிலும் பின்னேரம் அடுத்த கல்லிலும் இருக்கும், அதைக் கொப்பியில் எழுதியவர்களும் இருக்கிறார்கள். எழுத வேறு ஒன்றும் இருக்கவில்லை. மொறீன் எழுபது வயதில் குடைக்குக் கீழே இருந்து, தான் முப்பது வருசமாகச் சாப்பாடு போட்ட பிள்ளைகளின் பெயர்களை அகர வரிசையில் சொல்லிப் பார்த்தாளாம், இரண்டு தரம் சொல்லி முடித்தும் முறை மாற்ற ஆள் வந்து சேரவில்லையாம்.

ஆனாலும் கிண்ணங்கள் நிற்கவில்லை. வாசலுக்கு வாசல், கைக்குக் கை போயின. முதன்முதலாக எழுபத்து நாலுக்கும் ஒரு கிண்ணம் போனது. அனுப்பியது முப்பத்தாறாம் இலக்கத்துப் பரிமளக்கா, நீல விளிம்பு வைத்த வெள்ளைக் கிண்ணம், அடியில் சிவப்பு நகப்பூச்சில் 'ப'. "எங்களாலதானே அந்தப் பிள்ளை... இல்லை, அந்தப் பிள்ளையாலதானே நாங்கள்... சரி விடு, அவவும் சாப்பிடத்தானே வேணும்," என்று சொல்லிக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்து அனுப்பினா. அது போய்ச் சேர ஒன்பது நாள் எடுத்தது. கைகளில் தங்கித் தங்கிப் போனதால் ஒன்பது. போய்ச் சேர்ந்தபோது குழம்பில் பூஞ்சணம் முளைத்துச் சின்னப் புல்வெளி மாதிரி இருந்ததாக, அதை வாசற்படியில் வைத்துவிட்டு ஆளைக் காணாமல் திரும்பிய எழுபத்திரண்டு சொன்னது. பதினெட்டாம் நாள் கிண்ணம் திரும்பி வந்தது, கழுவித் துடைத்து, உள்ளே உப்புப் போட்டு வறுத்த கடலை. ஒரு கடலைகூட நமத்துப் போகவில்லை.

பரிமளக்கா ஒன்றை எடுத்துக் கடித்தா. "தூரத்தைத் தெரிஞ்சு செய்திருக்கிறா," என்றா.

அடுத்த தரம் பரிமளக்காவும் யோசித்துப் பயத்தம் உருண்டை பிடித்து அனுப்பினா.

பரிமளக்காவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மனிசன் போய் ஆறு வருசம், ஒரே மகன் மெல்பேணில். ஆனால் தெரு சின்னதாக இருந்த காலத்தில் அவவின் கதவு பூட்டியிருந்து ஒருவரும் கண்டதில்லை. தபால்காரரையும் வாங்கோ என்பா, மீற்றர் பார்க்க வருகிறவரையும் வாங்கோ என்பா, வேதப்புத்தகத்தோடு வருகிற இரண்டு பேரையும் வாங்கோ என்று இருத்தி வடை கொடுத்து, அவர்கள் வந்த விசயத்தை மறந்துபோகப் பண்ணுவா. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவதான், ஆனால் வாசலில் ஆளைக் கண்டால் வாய் தமிழில்தான் திறக்கும். தெரு நீண்டபிறகு அந்த வாசலுக்கு ஆள் வருவது குறைந்தது, பிறகு நின்றது. ஜூலை மாதம் அந்த நாள் வந்தபோது இருபத்துமூன்று நாளாக ஒருவரும் வந்திருக்கவில்லை. இரண்டு கோப்பை எடுத்து வைத்து, ஒன்றில் குடித்து, இரண்டையும் கழுவி வைப்பேன் என்று போனில் சிரித்துச் சொன்னா. சிரிப்பு ஒரு மூச்சுப் பிந்தித்தான் வந்தது.

அந்த நாள், அந்த ஊரில் அதற்கு முன் ஒருவரும் காணாத வெயில். விடிய ஆறு மணிக்கு வான் வந்தது, நீட்டு விசில் கைமாறிக் கைமாறி முப்பத்தாறுக்கு வந்தது, வான் தன் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துப் பரிமளக்கா நேரத்தைக் கொப்பியில் எழுதினா. பத்து மணிக்கு இரண்டு பேர் நடந்து வந்தார்கள். பெற்றோல் முடியும்வரை ஓடி, வானை நடுத்தெருவில் விட்டுவிட்டு, எழுபத்து நாலைத் தேடி முன்னால் நடந்து களைத்துத் திரும்பி வருகிறார்கள். பரிமளக்கா எழுதினா: இரண்டு பேர். கறுப்புச் சட்டை. வயது போனவர் நொண்டுகிறார். இளையவருக்கு உதடு வெடித்திருக்கு. அதுவரைக்கும் எல்லாம் மொறீன் சொல்லித்தந்தபடிதான். பிறகு அந்த இரண்டு பேரும் ஒன்றும் கேட்காமல் அவவின் வாசல் படலையில் சாய்ந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள், பரிமளக்காவின் கை கொப்பியை மூடியது, வாய் திறந்தது.

"வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ, ஏன் வெயிலுக்க நிக்கிறியள்."

காய்ந்த சேலையை இரண்டு பேர் இரண்டு தலைப்பில் பிடித்து, நடந்து வந்து கையோடு கை சேர்த்து மடிப்பார்களே, அப்படி மடிந்தது தெரு. நடைபாதைகளும் வேலிச் செடிகளும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து காணாமல் போயின. முப்பத்து நாலு முப்பத்தாறோடு வந்து ஒட்டியது. முறைக்கு இருந்த மொறீன் கதிரையோடும் குடையோடும் வந்து குணம் அண்ணையின் காலை மிதித்தாள். "எண்ட அம்மா!" என்று அவர் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒருவர் கத்தியது எல்லாருக்கும் கேட்டது. எங்களுக்கு முதலில் வந்தது சந்தோசம். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. யன்னல்களில் முகங்களைக் கண்டோம், கை காட்டினோம், மெலிஞ்சிட்டியள் என்றோம். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, அறுபதாம் இலக்கத்துக்கு முன்னால் வான் நின்றது, ஏழு வீடு தள்ளி எழுபத்து நாலு.

உள்ளே அந்த இரண்டு பேரும் தண்ணீர் குடித்து, தேத்தண்ணியும் குடித்தார்கள். இளையவர் கொஞ்சம் சிரித்தபடி சொன்னாராம், வழியில் ஒரு பெண் கிண்ணம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எதிரே நடந்து வந்தாள், எழுபத்து நாலுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டோம், மூன்று நாள் என்று சொல்லிவிட்டுப் போனாள், இந்தத் தெருவில் எல்லாருக்கும் விசரா என்று. பரிமளக்கா பிஸ்கற் தட்டை நீட்டின கை நீட்டினபடி நின்றது. வயது போனவர் அந்த நேரம் யன்னலால் பார்த்தார். தெருவின் கடைசி தெரிந்தது. நன்றி சொல்லிவிட்டு எழும்பிப் போனார்கள்.

தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் பரிமளக்காவுக்குத் தெரிந்தது. கழுத்துச் சங்கிலியோடு கிடந்த விசிலை எடுத்து மூன்று தரம் ஊதினா.

நாங்கள் ஓடினோம். சமைத்த கையோடும், பாதி சவரம் செய்த முகத்தோடும், பிள்ளையை இடுப்பில் வைத்தபடியும் எண்பது பேர் எழுபத்து நாலின் வாசலில் போய் நின்றோம். தொடவில்லை, மறிக்கவில்லை, நின்றோம். ஓடிப்போகையில் எதிரே நடைபாதை ஓரமாக யாரோ ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள், குணம் அண்ணையின் தோள் அவளில் இடித்தது, "சொறி அக்கா" என்று சொல்லிவிட்டு அவரும் ஓடினார்.

கதவைத் தட்டினார்கள். திரும்பவும் தட்டினார்கள். வீட்டில் ஆளில்லை. வயது போனவர் எங்கள் பக்கம் திரும்பிக் கடதாசியை உயர்த்திப் பிடித்தார்.

"இந்தப் பெண் உங்களுக்குள்ளே நிற்கிறாளா? ஆருக்காவது இவளைத் தெரியுமா?"

பொய் சொல்வதில்லை என்பது எங்கள் விதி. கடதாசி கை மாறியது. ஒவ்வொருவரும் உண்மையாகவே பார்த்தோம், கண்ணாடி போட்டுப் பார்த்தோம், பக்கத்தில் நிற்கிறவரின் முகத்தோடு ஒத்தும் பார்த்தோம். தெரியாது என்றார் குணம் அண்ணை. தெரியாது என்றது எழுபத்திரண்டு, ஒரே சுவர் பதினொரு வருசம். தெரியாது, தெரியாது என்று எண்பது வாயால் சொல்லிக் கடதாசி திரும்பவும் அவருடைய கைக்குப் போனது.

இளையவர் எங்களைப் பார்த்தார். அவருடைய குரலில் நக்கல் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "இவளுக்காகத்தான் இவ்வளவு பேரும் வந்தீர்கள். ஒருவர்கூட இவளைக் கண்டதில்லையா?"

மொறீன் படம் எடுத்துக்கொண்டிருந்த போனைக் கீழே இறக்கினாள்.

அந்த நேரம் முப்பத்தாறாம் இலக்கத்துப் படலையில் நடந்ததைப் பரிமளக்கா பிறகு எங்களுக்குச் சொன்னா. முழங்கால் வருத்தத்தால் ஓடாமல் நின்ற அவவின் முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள், நாற்பத்தைந்து வயது இருக்கும், காலில் தூசி, கையில் நீல விளிம்புக் கிண்ணம்.

"இது உங்க கிண்ணமுங்களா? அடியில 'ப' போட்டிருக்கு."

"ஓம்... நீங்கள்?"

"எழுபத்தி நாலுங்க. பயத்தம் உருண்டை நல்லா இருந்துச்சு. ரெண்டு தடவையும் படியில வச்சு அனுப்பி விட்டா மரியாதையா இருக்காதேன்னு நானே கொண்டாந்தேன். நாலு நாளாகும்னு நெனச்சேன், மூணுலயே வந்துருச்சு."

பரிமளக்கா அவளுடைய தூசிக் காலைப் பார்த்தா. "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டா.

"வழியில சாப்பிட்டுக்கிட்டேங்க. இந்தாங்க, நான் வாசல்லயே குடுத்துட்டுக் கெளம்புறேன்."

"உள்ள வாங்கோ."

"பரவால்லீங்க."

"உள்ள வா பிள்ளை எண்டுறன்!" என்று கையைப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்தினா. கிண்ணத்தை வாங்கி யன்னல் கட்டில் வைத்தா. வைத்தது தெருப்பக்கத்து யன்னலில்.

தொப்பியை விட்டுவிட்டுப் போயிருந்தார் இளையவர். அதை எடுக்க வந்தார். பரிமளக்கா தொப்பியோடு படலைக்குப் போனா. அவர் கையை நீட்டினார், நீட்டினபடி யன்னலைப் பார்த்தார், நீல விளிம்பைப் பார்த்தார், தூசிக் கால் அடையாளம் படிக்கட்டில் ஏறிப் போவதைப் பார்த்தார்.

"உள்ளே ஆர்?"

"விருந்தாளி," என்றா பரிமளக்கா. அது பொய்யில்லை.

"நான் உள்ளே வரலாமா?"

எங்கள் சனம் வாசலில் நின்று ஒருவரை வழியனுப்பும்போது போ என்று சொல்வதில்லை, போய்த் திரும்பி வாங்கோ என்ற பொருளில் போட்டு வாங்கோ என்றுதான் சொல்லுவோம். கோபித்துக்கொண்டு போகிறவருக்கும் அதைத்தான் சொல்லுவோம். செத்தவீட்டிலிருந்து போகிறவர்களை ஒன்றும் சொல்லாமல் விடுவோமே தவிர, அவர்களையும் போ என்பதில்லை. பரிமளக்காவுக்கு அறுபத்தொரு வயது, அந்த அறுபத்தொரு வருசமும் நாக்கு நுனியில் வந்து நின்றது. வாங்கோ என்ற ஒரு சொல்லுக்கு மடிந்த தெரு, போட்டு வாங்கோ என்று சொன்னால் இனி என்றைக்கும் இவருக்கு மடிந்தபடியே கிடக்கும் என்று அந்த நிமிசத்தில் அவவுக்கு விளங்கியது. விரித்தால் என்ன நடக்கும் என்பதும் விளங்கியது. தெருவின் கடைசியில் நாங்கள் எல்லாரும் தோளோடு தோள் நிற்பதை ஒரு தரம் திரும்பிப் பார்த்தா. மெலிஞ்சிட்டியள் என்று அவவிடம் ஒருவரும் இன்னும் சொல்லவில்லை.

தொப்பியை அவர் கையில் வைத்தா.

"போங்கோ," என்றா.

அவருக்குத் தமிழ் தெரியாது. தெருவுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் காலடியில் நடைபாதை இழுபடத் தொடங்கியது. பக்கத்தில் நின்றவரின் கையைப் பிடித்தோம், பிடித்த கை நீண்டு, விரல் நீண்டு, விரல் நுனி கழன்றது. குணம் அண்ணை ஏதோ பகிடி சொல்லத் தொடங்கியிருந்தார், பாதி கேட்டது, மிச்சம் காற்றில் மெல்லிசாகிப் போனது, அது என்ன பகிடி என்று இன்றுவரைக்கும் தெரியாது. நின்றவர் நின்றபடி அவரவர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வானும் அந்த இரண்டு பேரும் பெரிய றோட்டில், பெற்றோல் கடைக்கு முன்னால் நின்றார்கள். இளையவர் தொப்பியைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

வான் இன்னும் மாதம் ஒரு தரம் வருகிறது, போய்ப் பார்க்கிறது, இரண்டு நிமிசத்தில் திரும்புகிறது. அவளைப் பிடிக்க முடியாது. அதற்கு நாங்கள் வைத்திருக்கிற விதி ஒன்றுதான்: இந்தத் தெருவில் யார் வாசலில் யார் வந்து நின்றாலும், எவ்வளவு களைத்து நின்றாலும், வாங்கோ என்று சொல்வதில்லை. படலைக்கு அந்தப் பக்கம் நின்றே தண்ணீர் கொடுப்போம், இந்தப் பக்கம் நின்றே குடிப்போம், குடித்து முடிந்ததும் கிண்ணம் மாறும், பிறகு போங்கோ. முதலில் அந்தச் சொல்லைச் சொல்ல வாய் கூசியது. இப்போது எங்கள் தெருவில் அதைவிடப் பட்சமான சொல் கிடையாது.

இலையுதிர் காலம் தொடங்கியபோது, மூன்றாம் இலக்கத்திலிருந்து, என் வீட்டிலிருந்து, முப்பத்தாறுக்கு நடந்தேன். போக ஒன்பது நாள். மூன்று நாள் மதில், இரண்டு நாள் வேலிச் செடி, பிறகு திரும்பவும் மதில். முறைக்கு இருந்த இரண்டு பேரைக் கண்டேன், கண்டவர்கள் என்னை விடவே மாட்டோம் என்கிற மாதிரிக் கதைத்தார்கள், பிறகு தாங்களாகவே போங்கோ என்றார்கள். என் கையில் ஒரு கிண்ணம் இருந்தது. உள்ளே வறுத்த கடலை. அதைத்தான் எனக்கும் செய்யத் தோன்றியது.

படலையைத் தட்டினேன். பரிமளக்கா வந்தா, பின்னால் அவள் வந்தாள். இடது புருவத்தில் ஒரு பழைய வெட்டு, முன்பல் ஒன்று கொஞ்சம் தள்ளி, மாநிறத்துக்கும் கொஞ்சம் கறுப்பு, காதில் சின்னக் கல்லுத் தோடு. கடதாசியிலிருந்த படம் கொஞ்சமும் அவள் மாதிரி இல்லை.

"மெலிஞ்சிட்டியள்," என்று பரிமளக்காவுக்குச் சொன்னேன். அவ சிரித்தா, பிந்தாமல்.

அவள் கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "ஒன்பது நாளா? அப்ப உப்புக் கொஞ்சம் கூடப் போட்டிருக்கணும்."

உங்களாலேதான் எல்லாரும் இப்படித் தூரமாகிவிட்டோம் என்று நினைக்கவேண்டாம், என்று நான் வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவள் நடுவிலேயே தலையை ஆட்டினாள்.

"எனக்கு வித்தியாசம் ஒண்ணும் தெரியலீங்க. மொதல்ல நீண்டப்ப, என்னடா எல்லாரும் நடக்குறாங்கன்னு பாத்தேன். இந்தத் தெரு எனக்கு எப்பவுமே இவ்வளவு நீளந்தான்."

அதில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. பஸ் வருகிற நேரத்தைச் சொல்வது போலச் சொன்னாள். உள்ளே போய், என் கிண்ணத்தில் தேங்காய் போட்ட ரொட்டி முதல் நாளுக்கு, அதற்குக் கீழே கடலை, அடியில் கருப்பட்டித் துண்டு என்று நாள் கணக்கில் அடுக்கிக் கொண்டுவந்து படலைக்கு மேலால் தந்தாள். அந்தப் படலையிலிருந்து கதவுக்கு ஐந்து அடி. உள்ளே இரண்டு கோப்பை, இரண்டிலும் ஆவி பறந்தது.

பரிமளக்கா வாயைத் திறந்தா. வழக்கச் சொல் வந்துவிடுமோ என்று அவவுக்கே பயம், கையால் வாயைப் பொத்திக்கொண்டா. தெய்வானைதான் சொன்னாள். மெதுவாக, எங்கள் பேச்சில்.

"போங்கோ."

நடந்தேன். தெரு நேரானது, வளைவு கிடையாது, ஆகையால் அன்றைக்கு முழுக்க எப்போது திரும்பிப் பார்த்தாலும் படலையில் இரண்டு பேர் நிற்பது தெரிந்தது. அடுத்த நாள் ஒரு புள்ளி தெரிந்தது. அதற்கும் அடுத்த நாள் வெறும் தெரு.

கடலையைக் கொறித்தபடி ஒன்றை யோசித்தேன். அன்றைக்கு எண்பது பேர் சொன்ன தெரியாது அவளைக் காப்பாற்றியது, அது உண்மையாக இருந்ததால். எனக்கு இப்போது அந்தப் புருவத்து வெட்டுத் தெரியும். மாதம் ஒரு தரம் வான் வருகிறது, மூன்றாம் இலக்கம்தான் அதற்கு முதலில் எதிர்ப்படுகிற வாசல்களில் ஒன்று. இனி அந்தக் கடதாசியைக் காட்டி என்னிடம் கேட்டால் நான் பொய் சொல்லவேண்டும்.